நியூ மெக்சிகோவின் நிலப்பகுதிகளும் பழைய ஊர்களும்: ஒரு கேள்விக்கு விரிவான பதில்

நியூ மெக்சிகோ மாநிலம் வெறும் பாலைவனம்தானா, அதை எத்தனை பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம், அமெரிக்காவிலேயே மிகப் பழைய ஊர் சாண்டா ஃபேதான் என்று சொல்லப்படுவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாக எழுதியிருந்தாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒன்றே என்று நான் புரிந்துகொள்கிறேன்: இவ்வளவு வறண்ட, இன்றும் இருபது லட்சத்துக்குச் சற்றே மேற்பட்ட மக்கள் மட்டும் வாழும் ஒரு நிலத்தில், இவ்வளவு நீண்ட மனித வரலாறு எப்படி வந்து சேர்ந்தது? நான் நிலவியல் படித்தவன்; அந்த மாநிலத்தில் நிலத்தடி நீர் ஆய்வுப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன். ஆகவே நிலத்தையும் நீரையும் பற்றி எழுதுவதை என் துறையின் உறுதியோடு எழுதுகிறேன். தொல்லியலும் வரலாறும் நான் பிறரிடம் கற்றவை. அத்துறை அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உள்ள இடங்களை அப்படியே குறிப்பிட்டுச் செல்கிறேன்.

முதலில் பாலைவனம் என்ற எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். பரப்பில் அமெரிக்க மாநிலங்களுள் ஐந்தாவதான நியூ மெக்சிகோ ஏறத்தாழ 3,15,000 சதுர கிலோமீட்டர் விரிந்தது. அதன் மிகத் தாழ்வான இடமே, டெக்சாஸ் எல்லையை ஒட்டிய தென்கிழக்கு மூலையில், கடல் மட்டத்துக்கு மேல் 860 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. மிக உயர்ந்த வீலர் சிகரம் 4,000 மீட்டரைத் தாண்டுகிறது. மாநிலம் முழுவதற்குமான சராசரி மழை ஆண்டுக்கு 350 மில்லிமீட்டர் அளவில்தான் என்றாலும், அந்தச் சராசரியை வைத்து எதையும் புரிந்துகொள்ள முடியாது. தெற்கே தாழ்ந்த சமவெளிகளில் 250 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. வடக்கே மலைகளில் குளிர்காலம் முழுவதும் பனி கொட்டிக் கிடக்கிறது. அந்தப் பனி வசந்த காலத்தில் உருகி இறங்குவதுதான் ஆறுகளின் முதன்மையான நீர்வரத்து. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகல் இடிமழை உண்டு. அது திடீரென்று வந்து, ஒரு பள்ளத்தாக்கை நனைத்து, அடுத்ததைத் தொடாமலே போய்விடும். ஆக, ஓர் இடத்தின் உயரமும் அங்கே நீர் தங்கும் விதமும் தெரிந்தால், அங்கே யார், எப்போது வாழ்ந்திருப்பார்கள் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

நிலவியலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பிரிவுகள் நான்கு. கிழக்கே மூன்றில் ஒரு பங்கு பெருஞ்சமவெளி. அதன் தென்பகுதியில் உள்ள யானோ எஸ்டகாடோ, கண்ணுக்கு எட்டிய தூரம் மேடு பள்ளமற்ற தட்டை நிலம். வடக்கு நடுப்பகுதியில் ராக்கி மலைத்தொடரின் தெற்கு முனை, சாங்ரே டி கிறிஸ்டோ மலைகளாக வந்து முடிகிறது. வடமேற்கில் கொலராடோ பீடபூமி: செம்மண் நிற மணற்பாறை அடுக்குகள், தட்டையான உச்சி கொண்ட மேசா குன்றுகள், சமவெளியிலிருந்து ஏறத்தாழ 480 மீட்டர் தனித்தெழும் ஷிப்ராக் என்ற பழைய எரிமலைக் கழுத்து (எரிமலையின் குழாயில் இறுகி நின்ற பாறை). தெற்கிலும் தென்மேற்கிலும் மலைத்தொடரும் தாழ்நிலமும் மாறி மாறி வரும் பகுதி. உண்மையான பாலைவனம் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இதுதான்.

இந்த நான்கையும்விட முக்கியமானது, மாநிலத்தை வடக்கிலிருந்து தெற்காக நடுவே பிளந்து செல்லும் ஒரு பிளவு. ரியோ கிராண்டே ஆறு தன் பள்ளத்தாக்கைத் தானே வெட்டிக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். வடக்கே டாவோஸ் அருகே ஆழ்ந்த கிடுகிடுப் பள்ளமாக ஓடும் இடத்தில் அது ஓரளவு சரி. ஆனால் பெரும்பகுதியில் பள்ளம் முதலில் வந்தது, ஆறு பிறகுதான் அதற்குள் வந்தது. சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, பூமியின் மேலோடு இங்கே கிழக்கும் மேற்குமாக இழுபட்டு, நடுப்பகுதி கீழே இறங்கியது. இறங்கிய பள்ளங்களை இருபுற மலைகளிலிருந்து வந்த மணலும் சரளையும் களிமண்ணும் நிரப்பின. அல்புகர்க்கி நகரின் கீழே இந்தப் படிவு சில இடங்களில் நான்கு கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. பின்னரே அந்தத் தனித்தனிப் பள்ளங்களை ஆறு ஒன்றோடொன்று இணைத்தது. மலைப்பனியின் நீர், அதைத் தேக்கி வைக்கும் மணற்படிவு, ஓரத்தில் வண்டல் நிலம் என மூன்றும் ஒரே கோட்டில் அமைந்ததால்தான், பழங்குடி ஊர்களும் ஸ்பானிய ஊர்களும் இன்றைய நகரங்களும் அந்தக் கோட்டிலேயே கோத்தது போல் இருக்கின்றன.

ஆனால் மிகப் பெரிய பழங்கால ஊர் அந்தக் கோட்டில் இல்லை என்பதுதான் வியப்பு. வடமேற்கில், ஓடையில் எப்போதாவது மட்டும் நீர் ஓடும் சாக்கோ பள்ளத்தாக்கில், கி.பி. 850-இலிருந்து 1150 வரை இன்றைய பியூப்ளோ என்ற பழங்குடி மக்களின் (அவர்களின் ஊருக்கும் பியூப்ளோ என்றே பெயர்) முன்னோர் கட்டிய மாபெரும் கற்கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றுள் பெரியதான பியூப்ளோ பொனிட்டோ அரைவட்ட வடிவமானது. 600-க்கும் மேற்பட்ட அறைகள், சில பகுதிகளில் நான்கு மாடிகளுக்குக் குறையாத உயரம். சுவரை அருகில் நின்று பார்த்தால் அதன் வேலைத்திறன் தெரியும்: நடுவே சேறும் உடைகல்லும் கொண்ட உள்கட்டு, இரு முகங்களிலும் தட்டையாகச் செதுக்கிய மணற்கற்கள், பெரிய கல் வரிசைகளுக்கு இடையே விரல் பருமனுள்ள சில்லுக்கற்களின் வரிசைகள். இவ்வளவையும் உலோகக் கருவி இல்லாமலும் சுமை விலங்கு இல்லாமலும் செய்திருக்கிறார்கள். கூரை மரங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் விளையாதவை. மர வளையங்களை ஆராய்ந்ததில், அவை தெற்கே ஜூனி மலைகளிலிருந்தும் மேற்கே சுஸ்கா மலைகளிலிருந்தும் 75 கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் மனிதர்களாலேயே சுமந்து வரப்பட்டவை என்று தெரிகிறது.

கட்டிய காலம் உறுதியானது. மர வளையங்கள் ஆண்டுக்கணக்கையே தந்துவிடுகின்றன. உறுதியற்றது, அங்கே எத்தனை பேர் நிரந்தரமாக வாழ்ந்தார்கள் என்பது. அறைகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த நகரம் என்பவர்களும், அடுப்புக் குழிகள் குறைவாக இருப்பதைக் காட்டி, குறிப்பிட்ட பருவங்களில் மட்டும் மக்கள் கூடிய சடங்கு மையம் என்பவர்களும் உண்டு. நீர் வளத்தை அளந்து பழகிய என் கண்ணுக்கு, ஆண்டுக்கு 220 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் அந்த மண் பெரிய மக்கள்தொகைக்குச் சோளம் விளைவித்திருக்கும் என்று தோன்றவில்லை. வெளியிலிருந்து உணவு வந்திருக்க வேண்டும். இது என் கருத்து மட்டுமே, தீர்ப்பு அன்று. 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் நீண்ட வறட்சி ஒன்று வந்ததும், அதன் பின் பெருங்கட்டடங்கள் எழும்பாததும் உறுதி. வறட்சி மட்டுமே காரணமா என்றால், அந்த மக்களின் வழித்தோன்றல்களே வேறு காரணங்களையும் சொல்கிறார்கள். அவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே என் எண்ணம்.

அந்த மக்கள் மறைந்துவிட்டார்கள் என்று சில பழைய வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதுவது தவறு. அவர்கள் நீர் நிலைத்த இடங்களுக்கு நகர்ந்தார்கள். நியூ மெக்சிகோவில் இன்று 19 பியூப்ளோ சமூகங்கள் தத்தம் நிலத்தில், தத்தம் மொழியோடும் ஆட்சி அமைப்போடும் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ரியோ கிராண்டேயையும் அதன் கிளைகளையும் ஒட்டியவை. வடக்கே டாவோஸ் பியூப்ளோவின் பல அடுக்கு மண் வீடுகளுக்கு நடுவே மலையிலிருந்து வரும் ஓடை ஒன்று ஓடுகிறது. இன்றும் பழைய பகுதியில் குழாய்த் தண்ணீரோ மின்சாரமோ இல்லாமல் சிலர் வாழ்கிறார்கள். மேற்கே ஆகொமா, சுற்றிலும் செங்குத்தான பாறை கொண்ட, 110 மீட்டர் உயரமுள்ள மேசாவின் உச்சியில் அமைந்த ஊர். அங்கே ஊற்று கிடையாது. பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரை நம்பி வாழ்ந்தார்கள். டாவோஸ், ஆகொமா இரண்டுமே நாட்டில் தொடர்ந்து மக்கள் வாழும் மிகப் பழைய ஊர் என்ற பெருமைக்கு உரிமை கோருகின்றன. அரிசோனாவில் உள்ள ஹோப்பி மக்களின் ஓராய்பியும் கோருகிறது. மூன்றும் ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை என்பதற்கு மேல் வரிசைப்படுத்துவது வீண் வேலை.

இங்கேதான் உங்கள் சாண்டா ஃபே கேள்விக்கு விடை வருகிறது. மிகப் பழைய ஊர் என்றால் அது பியூப்ளோக்களில் ஒன்று. ஐரோப்பியர் நிறுவி இன்றுவரை தொடரும் மிகப் பழைய ஊர் என்றால், அது ஃபுளோரிடாவில் 1565-இல் தொடங்கிய செயின்ட் அகஸ்டின். சாண்டா ஃபேக்குச் சரியாக உரியது, மாநிலத் தலைநகரங்களுள் மிகப் பழையது என்ற பட்டம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மிக உயரமான தலைநகரமும் அதுவே. 1598-இல் ஹுவான் டி ஓன்யாதே தலைமையில் வந்த குடியேறிகள் முதலில் வடக்கே, ஓகே ஓவிங்கே என்ற பியூப்ளோவின் அருகில் தங்கினார்கள். 1610-இல் ஆளுநர் பெத்ரோ டி பெரால்டா தலைநகரை சாண்டா ஃபேயில் அமைத்தார். அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே அங்கே சில ஸ்பானியர் குடியிருந்தார்கள் என்று கருத ஆவணச் சான்றுகள் உண்டு. ஆதலால் 1610 என்பது ஊர் முறைப்படி நிறுவப்பட்ட ஆண்டு என்று கொள்வதே நல்லது. நகரச் சதுக்கத்தின் வடபுறம் உள்ள ஆளுநர் மாளிகை அக்காலத்தில் தொடங்கியது. ஆனால் இன்று நாம் பார்க்கும் அதன் நீண்ட முன்தாழ்வாரம் 1913-இல் திருத்தி அமைக்கப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்நகரின் மண்நிறக் கட்டடங்களுள் பெரும்பாலானவையும் 20-ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்ட கட்டட விதிகளின் விளைவே.

ஸ்பானியர் வருகையை அழகிய தேவாலயங்களோடு மட்டும் சேர்த்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஆகொமாவில் 1598 டிசம்பரில் ஓன்யாதேயின் உறவினர் ஒருவரும் அவரது வீரர்களும் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கும் வகையில், 1599 ஜனவரியில் ஊர் தாக்கி அழிக்கப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பிடிபட்டவர்களில் 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் ஒரு பாதத்தை வெட்டவும், பன்னிரண்டு வயதைக் கடந்தவர்களை இருபது ஆண்டு அடிமை ஊழியத்துக்கு அனுப்பவும் தண்டனை எழுதப்பட்டது. பாதமா, கால்விரல்களா என்று வரலாற்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். தண்டனை விதிக்கப்பட்டதில் ஐயமில்லை. அதே மேசாவின் மேல் 1629-இல் தொடங்கிக் கட்டப்பட்ட புனித ஸ்தேவான் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதன் உத்திரங்கள் டெய்லர் மலையிலிருந்து சுமந்து வரப்பட்டவை என்பது ஆகொமா மக்களின் மரபுச் செய்தி. அந்தச் சுமையைச் சுமந்தவர்கள் யார் என்பதை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கூரையைப் பார்க்க வேண்டும்.

கட்டாய உழைப்பும், சமயச் சடங்குகளுக்கு விதிக்கப்பட்ட தடையும், 1660-களிலும் 1670-களிலும் வந்த வறட்சியும் பஞ்சமும் சேர்ந்து 1680-இல் வெடித்தன. ஓகே ஓவிங்கேயைச் சேர்ந்த போப்பே என்ற சமயத் தலைவர், முடிச்சுப் போட்ட கயிறுகளை ஓட்டக்காரர்கள் மூலம் ஊர் ஊராக அனுப்பி, நாளுக்கு ஒரு முடிச்சாக அவிழ்த்து, ஒரே நாளில் எழ ஏற்பாடு செய்தார். செய்தி வெளிப்பட்டுவிட்டதால் திட்டமிட்டதற்கு முன்பே, ஆகஸ்ட் 10-இல் கிளர்ச்சி தொடங்கியது. 21 துறவிகள் உட்பட ஏறத்தாழ 400 ஸ்பானியர் கொல்லப்பட்டனர். சாண்டா ஃபேயை முற்றுகையிட்டவர்கள் செய்த தீர்மானமான காரியம், ஆளுநர் மாளிகைக்கு நீர் கொண்டு வந்த வாய்க்காலை அடைத்ததுதான். சில நாட்களிலேயே உள்ளே இருந்தவர்கள் ஊரைக் கைவிட்டுத் தெற்கே எல் பாசோ நோக்கிப் போனார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்பானியர் திரும்பினர். 1692-இன் திரும்புகையை ரத்தமின்றி நடந்ததாகச் சொல்வது வழக்கம். மறு ஆண்டு குடியேறிகளோடு வந்தபோது சாண்டா ஃபேயில் சண்டை நடந்தது, சிறைப்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாய்க்கால் என்றதும் நான் சற்று நின்று சொல்ல விரும்புவது அசேக்கியாக்களைப் பற்றி. வடக்கு நியூ மெக்சிகோவின் உண்மையான வரலாற்றுச் சின்னம் எது என்று என்னைக் கேட்டால், தேவாலயங்களுக்கு முன்னால் இந்த மண் வாய்க்கால்களைத்தான் சொல்வேன். பியூப்ளோ மக்களுக்கு முன்பே பாசனம் தெரியும். ஸ்பானியர் தங்கள் ஊர் வழக்கத்தைக் கொண்டு வந்து அதை விரிவாக்கினர். இன்றும் சுமார் 700 அசேக்கியாக்கள் இயங்குகின்றன. மலையோடையில் கல்லும் கட்டையும் அடுக்கிய சிறு தடுப்பணை, அதிலிருந்து மலைச்சரிவின் சம உயரத்தை ஒட்டி வளைந்து போகும் வாய்க்கால், ஒவ்வொரு வயலின் தலைமாட்டிலும் பலகையைத் தூக்கித் திறக்கும் சிறு மதகு. வசந்தத்தின் தொடக்கத்தில், பாசனதாரர்கள் தாங்களோ தங்கள் ஆளோ மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும். அவர்களே தேர்ந்தெடுக்கும் மயோர்டோமோ யாருக்கு எப்போது நீர் என்று முறை வைக்கிறார். வறண்ட ஆண்டில் அவர் பற்றாக்குறையைப் பகிர்ந்து கொடுக்கிறார். மாநிலச் சட்டம் இவற்றைத் தனி ஆட்சி அமைப்புகளாக அங்கீகரிக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்த மண் வாய்க்கால்களில் கசியும் நீர் வீணாவதில்லை. அது ஆழமற்ற நிலத்தடி நீரை ஊட்டி, கோடையின் பிற்பகுதியில் ஆற்றுக்கே திரும்புகிறது என்பதை அளவீடுகள் காட்டியிருக்கின்றன. சிமெண்டு பூசிக் கசிவை நிறுத்தச் சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நீர் இல்லாத இடத்துக்கும் வரலாறு உண்டு. மெக்சிகோ நகரிலிருந்து சாண்டா ஃபே வந்த அரச பாதை, தெற்கு நியூ மெக்சிகோவில் ஆற்றோரம் வண்டி போக முடியாத பள்ளமும் பாறையுமாக இருந்ததால், ஆற்றை விட்டு விலகி ஏறத்தாழ 145 கிலோமீட்டர் நீரற்ற சமவெளியைக் கடந்தது. ஜோர்னாடா டெல் முயெர்த்தோ என்ற அந்தச் சமவெளியில்தான் 1945 ஜூலை 16 அதிகாலை உலகின் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டது. வெறிச்சோடிய நிலம் என்று எண்ணி அதைத் தேர்ந்தார்கள். சுற்றுப்புறத்தில் பண்ணைகளும் சிற்றூர்களும் இருந்தன; காற்று சென்ற திசையில் வாழ்ந்த அம்மக்கள், 1990-இல் வந்த கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டத்திலும் பல பத்தாண்டுகள் சேர்க்கப்படவில்லை. குண்டை உருவாக்கிய லாஸ் அலமோஸ் வடக்கே ஹெமஸ் மலைச்சரிவில் உள்ளது. சுமார் 12.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரெரிமலை வெடிப்பு விட்டுச்சென்ற சாம்பற்பாறை மேடு அது. அதே மென்மையான பாறையைக் குடைந்து, சில மைல் தூரத்தில் உள்ள பாண்டெலியர் பள்ளத்தாக்கில் பியூப்ளோ முன்னோர் வீடமைத்திருக்கிறார்கள்.

அணுகுண்டுச் சமவெளிக்குக் கிழக்கே, ஒரு மலைத்தொடரைத் தாண்டினால் டுலரோசா பள்ளம். அங்கே 700 சதுர கிலோமீட்டர் அளவுக்கு வெண்ணிற ஜிப்சம் மணற்குன்றுகள் பரந்து கிடக்கின்றன. ஜிப்சம் நீரில் கரையும் பொருள். ஆறு ஓடியிருந்தால் கடலுக்குப் போயிருக்கும். இந்தப் பள்ளத்துக்கு வெளியேறும் வழி இல்லை. மலைகளிலிருந்து கரைந்து வந்தது லூசெரோ ஏரிப் படுகையில் படிகமாக, காற்று அதை உடைத்து அரைத்துக் குன்றாகக் குவித்தது. குன்றுகளுக்கு இடையே கையால் தோண்டினாலே ஈரம் தட்டும். அந்த ஆழமற்ற நிலத்தடி நீர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. நண்பகலிலும் வெறுங்காலோடு நடக்கலாம், சுடாது. இந்தப் பள்ளத்தின் பழைய ஏரிக்கரையில் கிடைத்த மனிதக் காலடித் தடங்கள் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழையவை என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. காலக்கணிப்புக்கு எடுத்தவை நீர்த்தாவர விதைகள். அவை நிலத்தடி நீரின் பழைய கார்பனை உறிஞ்சி வயதைக் கூட்டிக் காட்டலாம் என்று எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. 2023-இல் நிலத்தாவர மகரந்தத்தையும் குவார்ட்ஸ் மணிகளையும் கொண்டு செய்த கணிப்பும் அதே காலத்தைத் தந்தது. நான் இப்போது அதை ஏற்கும் பக்கமே சாய்கிறேன், ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

கிழக்குச் சமவெளியில் பெகோஸ் ஆற்றங்கரையிலுள்ள போஸ்கே ரெடோண்டோவைத் தவறவிடாதீர்கள். ஃபோர்ட் சம்னர் என்றால் பலரும் பில்லி த கிட் என்ற கொள்ளையனின் கல்லறையைத் தேடிப் போகிறார்கள். அதே ஊரின் அருகில்தான் 1864 முதல் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட நவாஹோ பழங்குடி மக்கள், அமெரிக்க ராணுவத்தால் அரிசோனாவிலிருந்தும் மேற்கு நியூ மெக்சிகோவிலிருந்தும் 500 கிலோமீட்டர் அளவு நடத்தியே கொண்டு வரப்பட்டு அடைக்கப்பட்டார்கள். மெஸ்கலேரோ அப்பாச்சிகளும் அங்கே இருந்தார்கள். பெகோஸின் உவர் நீர் குடிப்பவர்களை நோயில் தள்ளியது. பயிர் ஆண்டுக்கு ஆண்டு பொய்த்தது. இறந்தவர்களின் எண்ணிக்கை குறித்து ஒத்த கருத்து இல்லை. 1868 ஜூன் 1 உடன்படிக்கையின்படி நவாஹோ மக்கள் தங்கள் சொந்த நிலத்துக்கே திரும்பினார்கள். அமெரிக்க வரலாற்றில் அத்தகைய திரும்புகை மிக அரிது.

பயணமாகப் போவதென்றால், பத்து நாளுக்குள் முழு மாநிலத்தையும் பார்க்க முயல வேண்டாம். சாண்டா ஃபேயை இருப்பிடமாகக் கொண்டு டாவோஸ், பாண்டெலியர், சிமாயோ பள்ளத்தாக்கின் அசேக்கியாக்கள் ஆகியவற்றை ஒரு பகுதியாகவும், அல்புகர்க்கியிலிருந்து ஆகொமாவையும், குன்றடிச் சுனையின் அருகே நூற்றாண்டுகளாக வழிப்போக்கர்கள் பெயர் பொறித்த எல் மோரோவையும் இன்னொரு பகுதியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே வெண்மணலும் கார்ல்ஸ்பாட் குகைகளும் தனிப் பயணத்துக்கு உரியவை. சாக்கோ செல்லும் பாதையின் கடைசி மைல்கள் மண் சாலை. மழைக்குப் பின் கார் சிக்கிக்கொள்ளும், அங்கே உணவுக் கடையோ எரிபொருளோ கிடையாது. உயரம் காரணமாக முதல் இரண்டு நாள் மூச்சு வாங்கலாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள். பியூப்ளோக்கள் மக்கள் வாழும் ஊர்கள். சடங்கு நாட்களில் வெளியாருக்கு அடைத்துவிடுவார்கள், முன்னறிவிப்பு இல்லாமலும் அடைப்பார்கள். புறப்படும் முன் அந்தந்தப் பியூப்ளோவின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்க அனுமதி தனி, நடனங்களைப் படம் எடுக்கவே கூடாது.